கணக்கும் கருணையும்: விஜய் ஐயரின் பியானோ



இந்த மாத ஆசிரியர் பக்கத்தை ஒரு ஜாஸ் பியானோக் கலைஞருக்காக ஒதுக்கியிருக்கிறேன். பெயர் விஜய் ஐயர். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன். நம் கல்முனையில் பியானோ உள்ள வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜாஸ் கேட்பவரைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சிரமம். ஆனாலும் காஸாவில் கொல்லப்பட்ட ஒரு கவிஞருக்காகவும், நியூ யோர்க் விமான நிலையத்தில் சங்கிலியிட்டு வைக்கப்பட்ட ஓர் ஈரானியத் திரைப்பட இயக்குநருக்காகவும் இசை செய்தவர் இவர். இந்தக் கரையில் இருக்கும் நாம் அவரைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டு காரணங்களும் போதும் என்று நினைக்கிறேன். மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. அது நம் வீட்டுப் பிள்ளைகளோடு சம்பந்தப்பட்டது.

விஜய் ஐயர் 1971 ஒக்டோபர் 26ஆம் திகதி நியூ யோர்க் மாநிலத்தின் தலைநகரான அல்பனியில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தில், ரொச்செஸ்டர் நகரை அடுத்த பெயார்போர்ட்டில். 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஆசியர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்தது. அதன் பிறகு வைத்தியர், பொறியியலாளர், விஞ்ஞானி என்று படித்த இந்தியர்கள் பெருந்தொகையாகப் போனார்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளை இவர்.

மூன்று வயதில் கையில் வயலினைக் கொடுத்தார்கள். பதினைந்து வருடங்கள் மேற்கத்தேய முறைப்படி அதைப் பயின்றார். பியானோ கதை வேறு. அது வீட்டில் அக்கா பழகிய வாத்தியம். காதில் விழுந்ததை விரலால் தேடித் தேடித் தம்பி தானாகவே பிடித்துக்கொண்டார். முறையான பாடம் கிட்டத்தட்ட இல்லை. பின்னாளில் உலகம் கொண்டாடியது அவர் முறையாகப் படித்த வயலினையல்ல, காதால் பழகிய பியானோவைத்தான்.

படிப்பிலும் கெட்டிக்காரர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகவியலும் படித்துப் பட்டம் பெற்றார். பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் செய்யவென்று 1992இல் கலிபோர்னியாவுக்கு, பேர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். பகலில் ஆய்வு. இரவில் பக்கத்து ஊரான ஓக்லண்டில் கறுப்பின மூத்த கலைஞர்கள் வாசிக்கும் இடங்களில் அவரும் வாசித்தார். அந்தப் பெரியவர்கள்தான் அவருக்கு உண்மையான ஆசான்கள். சக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் இந்த இளைஞரைத் தன் குழுவில் சேர்த்து ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். ட்ரொம்போன் கலைஞரும் அறிஞருமான ஜோர்ஜ் லூயிஸ் வழிகாட்டினார். 1995இல் முதல் இசைத்தொகுப்பு ‘மெமரோபிலியா’ வந்தது. பௌதிகவியல் முதுமாணியோடு நின்றது.

இந்த இடத்தில் நம் ஊர் உம்மா, வாப்பா பலருக்கு நெஞ்சு பதறும். எனக்குத் தெரியும். இந்தச் சஞ்சிகைக்குப் பெற்றோர் எழுதும் கடிதங்களில் அடிக்கடி வரும் கவலை இதுதான்: பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு, நல்ல மூளை, ஆனால் படம் வரைகிறான், கவிதை எழுதுகிறாள், பாட்டு என்று திரிகிறான், என்ன செய்வது? சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரே கேள்விதான். அவர்களுக்கு விஜய் ஐயர் அடுத்துச் செய்ததைச் சொல்ல விரும்புகிறேன். அவர் படிப்பை விட்டு ஓடவில்லை. பௌதிகவியலில் பழகிய முறையை இசைக்குள் கொண்டுபோனார். தொழில்நுட்பத்தையும் கலையையும் இணைத்துத் தனக்கென்று ஓர் ஆய்வுத் துறையைப் பல்கலைக்கழகத்தோடு பேசி அமைத்துக்கொண்டு, 1998இல் அதே பேர்க்லியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மேற்கு ஆபிரிக்க இசையையும் ஆபிரிக்க அமெரிக்க இசையையும் மனித உடலும் மூளையும் எப்படி உணர்கின்றன என்பது ஆய்வுப் பொருள்.

அந்த ஆய்வின் உயிரான விடயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு தாளத்தைக் கணினியில் துல்லியமாகச் சம இடைவெளியில் அடிக்க வைத்தால் அது தாளம்தான், ஆனால் உயிர் இருக்காது. நல்ல மேளக்காரர் ஒருவர் அதே தாளத்தை அடிக்கும்போது சில அடிகள் ஒரு விநாடியின் மிகச் சிறிய பங்கு பிந்தி விழும், சில முந்தி விழும். கேட்பவர் அதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை, ஆனால் கால் தானாக ஆடத் தொடங்கும். இந்த நுண்ணிய பிந்தலும் முந்தலும் பிழையல்ல, அதில்தான் வாசிப்பவரின் உடலும் பழக்கமும் அவர் வளர்ந்த சமூகமும் பேசுகின்றன என்பதை விஜய் ஐயர் அளந்து, விளக்கி எழுதினார். மேற்கத்தேய இசைக்கல்வி நெடுங்காலம் சுரங்களின் அடுக்குக்கே முதலிடம் கொடுத்து, உடம்பால் உணரும் தாளத்தைக் கீழே வைத்திருந்தது. அந்த வரிசையை அவர் கேள்விக்குள்ளாக்கினார். நம் பொல்லடி ஆட்டம் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது உடனே புரியும்.

இனி ஜாஸ் பற்றி இரண்டு வார்த்தை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரில் உருவாக்கிய இசை அது. ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் அந்த மெட்டின் எலும்புக்கூட்டை மனதில் வைத்துக்கொண்டு அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள், மற்றவர்கள் அதைக் கேட்டுப் பதில் கொடுப்பார்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடி, கயிற்றின் பாரத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்வார்களே, கிட்டத்தட்ட அந்த உறவு.

அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்களில் மேற்கு ஆபிரிக்க முஸ்லிம்களும் இருந்தார்கள். குர்ஆன் ஓதலின் நீண்ட இழுப்பும் பாங்கின் ஒலியும் புளூஸ் பாடலின் அடியில் தடம் பதித்திருக்கின்றன என்று சில்வியன் டியூஃப் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்பதில் விவாதம் இருக்கலாம். ஜாஸ் கலைஞர்கள் பலர் இஸ்லாத்தைத் தழுவியதில் விவாதமே இல்லை. பியானோவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் மூன்று பெரும் பெயர்கள். பிட்ஸ்பேர்க்கில் 1930இல் பிறந்து 1950இல் அஹ்மத் ஜமால் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், 2023 ஏப்ரலில் வபாத்தானார். இரண்டு சுரங்களுக்கு நடுவில் எவ்வளவு மௌனம் விடலாம் என்பதை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். ஜோன் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற நால்வர் குழுவில் வாசித்த மெக்கோய் டைனர் இன்னொருவர். மூன்றாமவர் கேப் டவுனின் அப்துல்லாஹ் இப்ராஹீம். 1974இல் அவர் வெளியிட்ட ‘மனன்பேர்க்’ என்ற இசை தென்னாபிரிக்காவில் நிறவெறிக்கு எதிரான மக்களின் கீதமாகவே ஆகிவிட்டது. அந்தக் கேப் டவுனுக்கு ஒல்லாந்தர் கொண்டுபோய் இறக்கிய மலாய் முஸ்லிம்களின் உறவினர்களைத்தான் அவர்கள் இலங்கையிலும் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பதை நம் மலாய்ச் சகோதரர்கள் அறிவார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. விஜய் ஐயர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு அதற்குள் நுழைந்தவர். தன் இசை கறுப்பின மக்களுக்குப் பட்ட கடன் என்பதை எங்கும் மறைத்ததில்லை. அவர் அடிக்கடி பெயர் சொல்லும் பியானோ முன்னோடி தெலோனியஸ் மங்க். அமெரிக்காவில் ஆசியர்கள் வந்து குடியேறக் கிடைத்த வாய்ப்பே கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டத்தின் பயன் என்று அவர் பேசியும் எழுதியும் வருகிறார். 2014இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆசிய அமெரிக்கப் பழைய மாணவர்கள் கூடியபோது, அவர்களின் வெற்றியைப் புகழ்ந்து பேசியிருக்கலாம். அவர் கேட்டது வேறு: இந்த வெற்றியால் நாம் யாருடைய பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறோம், அதிகாரம் செய்யும் அநியாயத்துக்கு நாமும் உடந்தையா? படித்து முன்னேறிய ஒரு சமூகத்தின் பிள்ளைகள் முன்னால் நின்று இதைக் கேட்கத் துணிவு வேண்டும். வெளிநாடு போய் வசதியான நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்று தயக்கமின்றிச் சொல்கிறேன்.

நியூ யோர்க்குக்கு இடம்பெயர்ந்த பிறகு அவர் செய்த வேலையின் பரப்பு என்னை மலைக்க வைக்கிறது. பேஸ் வாசிக்கும் ஸ்டீபன் கிரம்ப், ட்ரம்ஸ் வாசிக்கும் மார்கஸ் கில்மோர் ஆகியோரோடு சேர்ந்த மூவர் குழுதான் அவரை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. 2009இல் வந்த ‘ஹிஸ்டோரிசிட்டி’ கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதில் ஒரு மெட்டு நம் நாட்டோடு தொடர்புடையது. எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘கலாங்’ பாட்டை அந்த மூவரும் ஆவேசமாக வாசித்திருக்கிறார்கள். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்து, யுத்தத்தால் மீண்டும் லண்டனுக்கே அகதியாகப் போன பெண்ணின் பாட்டு, அமெரிக்கத் தமிழர் ஒருவரின் பியானோவில்!

அதே தொகுப்பில் ‘மிஸ்டிக் புரூ’ என்ற பழைய ஜாஸ் மெட்டு ஒன்று. இதில் அவருடைய கணித மூளை வேலை செய்திருக்கிறது. 1, 1, 2, 3, 5, 8, 13 என்று, முன்னிரு எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைப் பெறும் தொடரை நம் மாணவர்கள் பிபொனாச்சி தொடர் என்று படிக்கிறார்கள். இத்தாலியர் பிபொனாச்சிக்கு முன்னரே, குறிலையும் நெடிலையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணிப் பார்த்த இந்திய யாப்பிலக்கண அறிஞர்கள் இதைக் கண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹேமச்சந்திரர் அவர்களில் ஒருவர். விஜய் ஐயர் இந்தத் தொடரின் அடுத்தடுத்த எண்களை விகிதமாக எடுத்துத் தாளத்தின் அடியைக் குறிலும் நெடிலுமாகப் பிரித்தார். விகிதம் மாற மாற, பாட்டு நொண்டுவது போலவும் மிதப்பது போலவும் இருக்கும், ஆனால் ஒருபோதும் விழாது. கணித ஆசிரியர்கள் வகுப்பில் இதைப் போட்டுக் காட்டலாம். கேட்டு முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு அந்தத் தொடர் மறக்காது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிப் போகிறேன். 2010இல் தனியே வாசித்த ‘சோலோ’, அதில் மைக்கல் ஜெக்சனின் பாட்டு ஒன்றும் உண்டு. 2011இல் ‘தீர்த்தா’: கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா, தபேலா வாசிக்கும் நிதின் மித்தா ஆகியோரோடு. பிரசன்னாவும் சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர் என்பதைக் கவலைப்படும் பெற்றோருக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். சக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவோடு நீண்ட காலக் கூட்டு. நரம்பு வாத்தியக் குழுவுக்கு எழுதிய ‘மியூட்டேஷன்ஸ்’ 2014இல் வந்தது. அது என் மனதில் அவ்வளவாக ஒட்டவில்லை, அறிவு முன்னால் நிற்கிறது. 2015இன் ‘பிரேக் ஸ்டஃப்’ அப்படியல்ல. மங்க், கோல்ட்ரேன் இருவரின் மெட்டுகளோடு டெட்ரொயிட் நகரின் இயந்திரத் தாள இசைக்கு மரியாதை செய்யும் ஒரு துண்டும் அதில் இருக்கிறது. மூன்று மனிதர்கள் இயந்திரத்தின் பிடிவாதத்தோடு வாசித்தும் மனித வியர்வை தெரிகிறது. அவர் தொகுப்புகளில் முதலில் ஒன்றை மட்டும் கேளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். 2013இல் மெக்கார்தர் புலமைப்பரிசு. 2014 முதல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பௌதிகவியலை இடையில் நிறுத்தியவர், இன்று ஹாவார்டில் இசைக் கலைஞர்களைக் கலாநிதிப் பட்டத்துக்கு வழிநடத்துகிறார்.

விருதுகளை இத்தோடு விடுகிறேன். எனக்கு இவர் நெருக்கமானது வேறு காரணத்தால்.

2001 ஏப்ரல் மாதம், ஈரானிய இயக்குநர் ஜஃபர் பனாஹி ஹொங்கொங்கிலிருந்து தென் அமெரிக்கா போகும் வழியில் நியூ யோர்க்கின் கென்னடி விமான நிலையத்தில் விமானம் மாற இறங்கினார். விசா இல்லையென்று அதிகாரிகள் தடுத்தார்கள். கைரேகை வைக்கச் சொன்னார்கள். நான் குற்றவாளியல்ல என்று அவர் மறுத்தார். மணிக்கணக்கில் மற்றப் பயணிகளோடு சேர்த்துச் சங்கிலியிட்டு வைத்து, வந்த வழியே ஹொங்கொங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். இது செப்டம்பர் 11க்கு ஐந்து மாதங்கள் முன்னர் நடந்தது என்பதைக் கவனியுங்கள். விலங்கோடு விமானத்தில் ஏற்றப்பட்டபோது, தன்னைப் பார்க்கும் சக பயணிகளுக்குத் தான் திருடனல்ல, படம் எடுப்பவன் என்பதை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது என்று தவித்ததைப் பனாஹி பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தத் தவிப்பையே தலைப்பாக எடுத்து விஜய் ஐயரும் கவிஞர் மைக் லாடும் 2003இல் ‘இன் வட் லாங்குவேஜ்’ என்ற இசை நிகழ்வைப் படைத்தார்கள். விமான நிலையங்களில் சந்தேகத்தோடு பார்க்கப்படும் நிறத்தவர்களின் குரல்கள் அதில் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. கட்டுநாயக்கவில் சவூதிக்கும் குவைத்துக்கும் போக வரிசையில் நிற்கும் நம் தங்கைமாரை நினைக்காமல் அதைக் கேட்க முடியவில்லை. (பனாஹி பின்னர் தன் நாட்டிலும் சிறை கண்டார், படமெடுக்கத் தடை கண்டார். 2025இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருது அவருக்குக் கிடைத்தது.)

அதே இருவரும் 2013இல் வெளியிட்ட ‘ஹோல்டிங் இட் டவுன்’ இன்னும் கடினமானது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய, வெள்ளையரல்லாத அமெரிக்கப் படைவீரர்களின் கனவுகள். ஆளில்லா விமானத்தை அமெரிக்காவில் இருந்தபடியே இயக்கிய லின் ஹில் என்ற பெண் தானே வந்து தன் வரிகளைப் பேசுகிறார். அந்தக் குண்டுகள் யார் தலையில் விழுந்தன என்பது நமக்குத் தெரியும். ஆகவே அதைக் கேட்கும்போது எனக்குள் கோபம் வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் உறக்கம் கெட்ட குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். முப்பது வருட யுத்தம் பார்த்த நாட்டில், எந்தப் பக்கத்து இளைஞனும் இப்படித் தன் கனவைச் சொல்ல நாம் இன்னும் ஒரு மேடை அமைக்கவில்லை.

2021இல் வந்த ‘அனீஸி’யில் பேஸ் கலைஞர் லிண்டா மே ஹான் ஓ, ட்ரம்ஸ் கலைஞர் டைஷோன் சோரி. அதில் ஒரு துண்டு மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரப் பிள்ளைகளுக்கானது. செலவைக் குறைக்க 2014இல் குடிநீர் பெறும் இடத்தை மாற்றியதால் ஈயம் கலந்த தண்ணீரைக் குடித்த ஏழைப் பிள்ளைகள் அவர்கள். இன்னொன்று, அதே ஆண்டு நியூ யோர்க்கில் பொலிஸ் பிடியில் மூச்சுத் திணறி இறந்த எரிக் கார்னரின் மரணத்தை அடுத்து எழுந்த போராட்டங்களின்போது எழுதியது.

முஸ்லிம் கலைஞர்களோடும் அவர்களின் படைப்புகளுக்காகவும் அவர் செய்தவையும் உண்டு. கராச்சியில் 1937இல் பிறந்து, மும்பையில் வளர்ந்து, பரோடாவில் ஓவியம் கற்பித்த நஸ்ரீன் முஹம்மதியின் கோட்டோவியங்களை நம்மில் அநேகர் அறியமாட்டோம். மெல்லிய கோடுகள் மட்டும், உருவமே கிடையாது. 2016இல் நியூ யோர்க்கின் மெட்ரொபொலிட்டன் அருங்காட்சியகம் அவருக்கு ஒரு பெரிய கண்காட்சி வைத்தபோது, விஜய் ஐயரும் முதுபெரும் ட்ரம்பெட் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்தும் அந்தக் கோடுகளுக்காகவே ஓர் இசைத்தொடரை உருவாக்கினார்கள். 2023இல் ‘லவ் இன் எக்சைல்’: பாகிஸ்தானியப் பாடகி அருஜ் அஃப்தாப் உருதுவில் பாட, ஷாஸாத் இஸ்மாயிலி பேஸ் வாசிக்க, விஜய் ஐயர் பியானோவில். மூவரும் சேர்ந்து அந்தந்த நேரத்தில் உருவாக்கிய இசை அது. உருது கஸல் கேட்டுப் பழகிய நம் மூத்தவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

இனி காஸா. ரிபாஅத் அல்அரீர் காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், கவிஞர். 2023 டிசம்பர் 6ஆம் திகதி இஸ்ரேலிய வான்தாக்குதலில் குடும்பத்தவர்களோடு ஷஹீதானார். தான் இறக்க நேர்ந்தால் ஒரு பட்டம் செய்து வானில் விடும்படி கேட்கும் அவரது கவிதை அதன் பின் உலகெங்கும் மொழிபெயர்க்கப்பட்டது. விஜய் ஐயரும் வாடாடா லியோ ஸ்மித்தும் 2025இல் வெளியிட்ட ‘டிஃபையன்ட் லைஃப்’ தொகுப்பில் ‘பட்டம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு துண்டு ரிபாஅத்துக்குச் சமர்ப்பணம். இதில் ஆவேசம் கிடையாது. பியானோ மிக மெதுவாக இடம் விட்டு இடம் விட்டு வருகிறது, ட்ரம்பெட் அதன்மேல் நிற்கிறது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகமொன்றில் பேராசிரியராக இருந்துகொண்டு, பலஸ்தீனம் பற்றிப் பேசுவோர் விலை கொடுக்கும் காலத்தில், அந்தப் பெயரைத் தொகுப்பின் மேல் அச்சிட்டார். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தந்த எம்.ஏ.நுஃமான் நம் கல்முனை மண்ணின் மகன். நம் வீடுகளில் அந்தக் கவிதைகள் நாற்பது வருடங்களுக்கும் மேலாக வாசிக்கப்படுகின்றன. ஆகவே இந்த இசை நமக்கு அந்நியமாகாது.

பன்முகத் திறமை என்று சஞ்சிகைகளில் லேசாக எழுதிவிடுகிறோம். நாலு வாத்தியம், நாலு பாணி தெரிந்தால் பன்முகம் என்று நினைக்கிறோம். விஜய் ஐயரிடம் நான் காண்பது வேறு. ஒவ்வொரு முறையும் இன்னொருவரிடம் மாணவராகப் போய் உட்கார்கிறார்: ஓக்லண்டின் முதியவர்களிடம், மிருதங்கத் தாளத்திடம், ஓவியரின் கோட்டிடம், படைவீரரின் கனவிடம். அதனால்தான் அவர் எதைச் செய்தாலும் அலங்காரமாகத் தெரிவதில்லை.

இசை பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைத் தீர்க்கும் இடம் இந்தப் பக்கமல்ல, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. ஆனால் நம் முன்னோர் தாளத்தோடு வாழ்ந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. கல்யாண வீட்டிலும் சுன்னத்து வீட்டிலும் அண்ணாவியார் பாட, வட்டம் சுற்றிப் பொல்லோடு பொல் அடித்து ஆடிய பொல்லடி. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பக்கீர்மார் ரபானோடு பாடிய பைத்துகள். வயலிலும் வீட்டிலும் பெண்கள் பாடிய கவிகள். இவற்றைத் தெரிந்த பலர் 2004 சுனாமியில் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை, வயதாகி ஒவ்வொருவராகவும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பொல்லடியின் அடி எங்கே பிந்துகிறது, எங்கே முந்துகிறது என்று எவரும் அளந்து பார்த்ததாக எனக்குத் தெரியாது. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கணிதமும் கணினியும் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஒலியைப் பதிவுசெய்து அலைவடிவமாகப் பார்க்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பேர்க்லியில் விஜய் ஐயர் தன் ஆசான்களின் தாளத்துக்குச் செய்ததை நிந்தவூரிலும் மருதமுனையிலும் பொத்துவிலிலும் நம் பிள்ளைகள் செய்யலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பொல்லடி அண்ணாவியார், ரபான் அடிக்கும் பாவா, கவி தெரிந்த மூத்தம்மா எவரேனும் இருந்தால், அவர்களின் அனுமதியோடு கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார்கள், எந்த வயதில் கற்றார்கள், எந்த நிகழ்வுகளில் பாடினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வந்து சேர்பவற்றை வரும் இதழ்களில் உங்கள் பெயரோடு வெளியிடுவோம். கணிதமோ கணினியோ படிக்கும் மாணவர்கள் இந்த ஒலிப்பதிவுகளை ஆராய விரும்பினால் எங்களுக்கு எழுதுங்கள், கைவசம் உள்ளதைத் தருகிறோம். இந்த மாதமே தொடங்குங்கள்.

வஸ்ஸலாம்.

அன்புடன்,
ஆசிரியர்